பொன்னாடைக்குப் போன மைதானம்

1

எங்கள் மைதானத்தைக் கொடுத்துவிட்டது நீங்கள்தான், சிவபாதம் அண்ணை. கவுன்சில் பிறகுதான் எடுத்தது. முதலில் நீங்கள் கொடுத்தீர்கள்.

இதை உங்களிடம் நேரில் சொன்னேன். "ஆறுதலா இருந்து கதைப்பம்" என்றீர்கள். போனில் சொன்னேன். "கமிட்டியில வைச்சுக் கதைப்பம்" என்றீர்கள். வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். குழுவிலிருந்தே என்னை எடுத்துவிட்டீர்கள். அதனால்தான் ஊரில் அச்சாகும் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். நீங்கள் கவுன்சிலருக்குப் பொன்னாடை போர்த்திய படம் இதே பத்திரிகையில்தான் அரைப்பக்கத்துக்கு வந்தது. அதைப் பார்த்தவர்கள் இதையும் வாசிக்கட்டும்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு: கவுன்சில் என்றால் இங்குள்ள நகரசபை. சிவபாதம் அண்ணை மேற்கு சிட்னியில் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். நான் வந்த நாளிலிருந்து அவர்தான் தலைவர். நான் சங்கத்தில் ஒன்றும் இல்லை. லிட்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை விடிய, பிள்ளைகள் உதைபந்து விளையாடும் மைதானத்துக்குக் கோடு போடுகிறேன். சம்பளம் இல்லாத வேலை. யாரும் விடிய எழும்பி வரமாட்டார்கள் என்றபடியால் அது என் கையில் வந்து சேர்ந்தது.

2

கோடு போடுவதென்றால் ஒரு சின்ன வண்டி. முன்னுக்கு ஒரு சில்லு, மேலே வெள்ளைப் பெயிண்ட் வாளி. தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். சில்லைப் பார்த்துத் தள்ளினால் கோடு பாம்பு மாதிரி வளையும். அதனால் இரண்டு முனையிலும் கயிறு இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு முனையில் ஆணி. மற்ற முனையைப் பிடிப்பது என் மகள் அபிரா.

அபிராவுக்குப் பதினாறு வயது. பெண்பிள்ளைகள் அணியில் கோல்கீப்பர். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். பல்லு மினுக்கினியா என்று கேட்ட சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியும் பயனில்லை. ஆனால் அந்தக் கயிற்றைக் கையில் பிடித்தால் தமிழ் வரும்.

"அம்மா, இடப்பக்கம் கொஞ்சம் வாங்கோ. உங்கட கோடு மெல்பேர்னுக்குப் போகுது."

அந்த ஒரு மணித்தியாலம் என்னுடையது. அவளுடைய வகுப்பு ரீச்சர், அவளுக்குப் பிடிக்காத கணிதம், அணியிலிருக்கும் நேபாளப் பிள்ளை பிரதிமாவின் அண்ணனுக்கு வேலை போனது, எல்லாம் அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. என் கணவர் சனி ஞாயிறும் லொறி ஓட்டுகிறவர். அவருக்கு இந்தக் கதைகளை நான்தான் இரவில் சொல்லுவேன்.

அந்த மைதானம் பெரிய அழகொன்றும் இல்லை. வெயில் காலத்தில் கிரிக்கெட், குளிர் காலத்தில் உதைபந்து. ஒரு மூலையில் மழை பெய்தால் சேறு. கன்ரீன் கதவு சரியாகப் பூட்டாது. ஆனால் நடந்து போகலாம். எங்கள் அணியில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் சனிக்கிழமை கார் நிற்காது, அம்மாவோ அப்பாவோ வேலைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். பிள்ளைகள் தாங்களாகவே தோளில் பையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். இதுதான் அந்த மைதானத்தின் பெறுமதி. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய மூளை தேவையில்லை, அண்ணை.

3

ஊரில் உள்ளவர்கள் குழம்பக்கூடாது என்பதற்காக ஒரு விஷயம். இந்த நாட்டில் "ஃபுட்டி" என்றால் எங்கள் உதைபந்து இல்லை. சிட்னியில் பெரும்பாலும் ரக்பி. மெல்பேர்ன்காரர்களைக் கேட்டால் முட்டை மாதிரிப் பந்தை வைத்துக்கொண்டு வட்ட மைதானத்தில் ஆடும் வேறொன்று. அதற்குப் பக்கத்துக்கு நான்கு உயர்ந்த கம்பம். அந்த மெல்பேர்ன் ஆட்டம் இப்போது எங்கள் பக்கமும் பரவுகிறது. இவர்களோடு நாங்களும். எல்லோருக்கும் புல் வேண்டும். புல் அவ்வளவு இல்லை.

அதற்குக் கவுன்சில் கண்டுபிடித்த வழி, ஒரு பெரிய ஸ்டேடியம். எல்லா ஆட்டக்காரரும் பகிர்ந்துகொள்ளலாமாம். உதைபந்துக்காரர் அங்கே போக வேண்டும். எங்கள் மைதானம் முட்டைப்பந்துக்காரருக்கு.

எனக்கு இது புதிதில்லை. ஊரில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் ஆமி காம்ப் போட்டது. கோல் கம்பத்துக்கு நடுவில் மண்மூட்டை அடுக்கினார்கள். என் தம்பி அந்த மைதானத்தின் வலப்பக்க ஆட்டக்காரன். வேலிக்கு வெளியே சைக்கிளில் நின்று பார்த்துவிட்டு வருவான். அதையும் இதையும் ஒன்றாக்கி நான் கதைவிடவில்லை. இங்கே யாரும் துவக்கு நீட்டவில்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன். அங்கே மைதானத்தை எடுத்தவர்களுக்கு நாங்கள் பொன்னாடை போர்த்தவில்லை.

4

பொங்கல் விழா. ஒரு பள்ளிக்கூட மண்டபம். வெளியே நெருப்பு வெயில். பெண்கள் நாங்கள் மண்டபக் குசினிக்குள் வடை சுட்டுக்கொண்டு நின்றோம். வழமைதானே. மேடையில் ஆண்கள், குசினியில் நாங்கள்.

"சின்னக்கா, உங்கட மகளை ஒருக்கா விடுங்கோ. தட்டம் பிடிக்க ஒரு பிள்ளை வேணும்" என்று கமிட்டிக்காரர் ஒருவர் கதவடியில் வந்து கேட்டார்.

அபிரா அரைச்சாறி உடுத்து, எனக்குக் கோப்பை கழுவித் தந்துகொண்டு நின்றாள்.

"என்ன தட்டம்?" என்று கேட்டேன்.

"கவுன்சிலர் வந்திருக்கிறார். கௌரவிக்க வேணுமெல்லே."

அவள் கை துடைத்துவிட்டுப் போனாள். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. மண்டபத்தில் ஆங்கிலத்தில் யாரோ பேசுவது கேட்டது. பிறகு பெரிய கைதட்டல். பக்கத்தில் நின்ற அன்ரி, "றாஃபிள் சீட்டு இழுத்திட்டினம் போல" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகுதான் தெரியும். கவுன்சிலர் அன்று பொங்கல் சாப்பிட மட்டும் வரவில்லை. மைதானத்தைப் பற்றி மக்களிடம் அபிப்பிராயம் கேட்கிற சுற்றில் வந்திருந்தார். அது உங்களுக்குத் தெரியும், அண்ணை. கவுன்சிலிலிருந்து உங்களுக்குத்தான் கடிதம் வந்தது. அவர் புதிய ஸ்டேடியத்தைப் பற்றிச் சொன்னார். உங்கள் பிள்ளைகள் இனி அங்கேதான் ஆடுவார்கள் என்றார். இந்தத் திட்டத்தில் எங்களோடு நிற்பீர்களா என்று சபையைப் பார்த்துக் கேட்டார். சபை கைதட்டியது. எங்கள் சபை எதற்குத்தான் கைதட்டவில்லை? மைக் வேலை செய்யவில்லை என்று அறிவித்தாலும் தட்டுகிற சபை அது.

கைதட்டல் அடங்க நீங்கள் எழுந்து போய், தட்டத்திலிருந்த சிவப்புப் பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்தினீர்கள். கைகூப்பினீர்கள். படம் எடுத்தார்கள். நடுவில் கவுன்சிலர், வலப்பக்கம் நீங்கள், இடப்பக்கம் தட்டத்தோடு என் மகள்.

ஒரு கேள்வி கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. நன்றியுரை மட்டும் நீளமாக இருந்ததாம்.

5

சீசன் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை நானும் அபிராவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். மைதானத்து வேலியில் ஒரு பெரிய பலகை. புல்லில் நீளமான வெள்ளைக் கம்பங்கள் படுத்துக் கிடந்தன. முட்டைப்பந்துக் கம்பங்கள்.

பலகையின் மேல்பாதியில் புதிய வட்ட மைதானத்தின் படம். கீழ்ப்பாதியில் அந்தப் பொங்கல் படம். சமூகத்தின் உற்சாகமான ஆதரவுடன் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது.

அபிரா கயிற்றைக் கீழே போட்டுவிட்டாள். திரும்பி நடந்து வீட்டுக்குப் போனாள்.

மத்தியானத்துக்குள் அந்தப் பலகையின் படம் அணிப்பிள்ளைகளின் போன் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. ஒரு பிள்ளை கீழே "தாங்க்ஸ், கீப்பர்" என்று எழுதியிருந்தாளாம். மற்றவர்கள் சிரிக்கிற முகம் போட்டார்களாம். பிரதிமா மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறாள், உனக்கு முதலே தெரியுமா, ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று. அபிரா அழுதது அந்தக் கேள்விக்குத்தான்.

"நீ ஒரு தட்டம்தானே பிள்ளை பிடிச்சனி. அதைச் சொல்லு" என்றேன்.

"ஹூ இஸ் கோயிங் டு பிலீவ் தட், அம்மா? ஐ'ம் ஸ்மைலிங் இன் இட்."

"படம் எடுக்கேக்க எல்லாரும் சிரிக்கிறதுதானே."

"எக்ஸாக்ட்லி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அன்றிலிருந்து அவள் பயிற்சிக்குப் போகவில்லை. கையுறை கராஜில் தொங்குகிறது. அதே கிழமை ஊரிலிருந்து என் அக்கா போன் எடுத்தா. "அபிராவின்ர படம் பேப்பரில வந்திருக்கு, அரைச்சாறியில என்ன வடிவு பிள்ளை" என்றா. நான் ஓம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

6

சங்கம் அந்த ஸ்டேடியத்தைக் காட்டுவதற்கு இலவசமாக பஸ் விட்டது. நானும் போனேன். பார்க்காமல் ஏசுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

பெரியதுதான். கதிரைகள் அடுக்கடுக்காக மேலே போகின்றன. நான் கோடு போடுகிறவள், என் கண் புல்லுக்குத்தான் போனது. வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்து மறைத்த இன்னொரு கோடு. நேற்று ரக்பி, நாளைக்கு உதைபந்து, ஒன்றை அழித்து அதன்மேல் மற்றது. கிட்டப் போய்ப் பார்க்கலாமென்று ஓரத்தில் கால் வைத்தேன். காவலாளி ஓடி வந்து, புல்லை மிதிக்க வேண்டாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"அப்ப எங்கட பிள்ளையள் எங்க விளையாடுறது?" என்று சங்கத்து ஆட்களிடம் கேட்டேன்.

"பின்னுக்கு இருக்கு" என்றார்கள்.

பின்னுக்குப் போனோம். கார் நிறுத்தும் இடத்துக்கு அப்பால் பிளாஸ்டிக் புல். கம்ப்யூட்டரில் பதிந்து இடம் எடுக்க வேண்டும். சனிக்கிழமை பெரிய கழகங்களுக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை நாளில் பின்னேரம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ். பிரதிமாவின் அம்மா இரவு வேலைக்குப் போகிறவ. அந்தப் பிள்ளையை யார் கூட்டிக்கொண்டு வருவது? ஒரு சீசன் போனால் அணியே இருக்காது. இதை நான் கேட்கும்போது, சிவபாதம் அண்ணை, நீங்கள் ஆட்டக்காரர் உடை மாற்றும் அறையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

7

கம்பங்களை நடும் மட்டும் பிள்ளைகள் அங்கேயே ஆடலாம் என்று விட்டிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை நான் தனியாகக் கோடு போட்டுக்கொண்டிருக்க, ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் கேக்கோடு வந்தா. பெயர் ஜூடி. முட்டைப்பந்துக் கழகத்தின் செயலாளர். என் வயதுதான் இருக்கும். குரல் மட்டும் எனக்கு இரண்டு மடங்கு.

"பலகையில் இருப்பது உன் மகளா? அவளுக்கு நன்றி சொல்ல வந்தேன். உங்கள் ஆட்கள் எவ்வளவு பெருந்தன்மை" என்றா.

எனக்கு வந்த கோபத்தில் வண்டியைச் சரித்துவிட்டேன். பெயிண்ட் கொட்டியது. என் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் சம்மதிக்கவில்லை, யாரும் எங்களைக் கேட்கவில்லை, என் மகள் தட்டம்தான் பிடித்தாள்.

"அப்படியென்றால் ஏன் அந்த மனிதருக்குத் துணி போர்த்தினீர்கள்?" என்று கேட்டா.

"எங்கள் ஆட்கள் யார் வந்தாலும் போர்த்துவார்கள்."

"பிடிக்காதவர்களுக்குமா?"

"பிடிக்காதவர்களுக்குத்தான் பெரிதாகப் போர்த்துவார்கள்."

ஜூடி சிரித்தா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னோடு குனிந்து பெயிண்டைத் துடைத்தா. அப்போதுதான் அவர்களுடைய கதை தெரியவந்தது. அவர்களுக்கும் முன்பு ஒரு மைதானம் இருந்ததாம். அது அந்தப் பெரிய ஸ்டேடியத்தின் கார் நிறுத்தும் இடமாகிப் போனது. நான் நடந்து போய்ப் பார்த்த அதே இடம். அவர்களுடைய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடப் புல்லில் பயிற்சி செய்திருக்கிறார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் போய்க் கத்தியிருக்கிறார்கள். கத்திக் கத்தித்தான் எங்கள் மைதானம் கிடைத்தது. நாங்கள் கத்தவில்லை. வடை கொடுத்தோம்.

"இந்தக் கம்பங்களைக் கழற்றலாம் தெரியுமா?" என்றா ஜூடி. "நிலத்தில் குழாய் புதைத்து அதற்குள்தான் இறக்குவோம். சனி உங்களுக்கு, ஞாயிறு எங்களுக்கு. என் கழகம் கையெழுத்துப் போடும்."

திங்கட்கிழமை இரண்டு பேரும் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம்பெண். நான் எந்த அமைப்பு என்று கேட்டாள்.

"நான் கோடு போடுகிற ஆள்" என்றேன்.

அப்படி ஒரு பெட்டி அவளுடைய கம்ப்யூட்டரில் இல்லையாம். தமிழ்ச் சமூகத்தின் ஆதரவு ஏற்கனவே பதிவாகிவிட்டது என்றாள். மரியாதை வேறு, சம்மதம் வேறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆங்கிலத்தில் வந்தது, நாங்கள் எல்லோருக்கும் சால்வை கொடுப்போம் என்பது. அவள் அதையும் தட்டச்சு செய்தாள். ஜூடி மேசையில் கை வைத்து, அதை அழி, நான் சொல்வதை எழுது என்றா.

கடைசியில் கிடைத்த பதில் இதுதான். இரண்டு கழகமும் பகிர்வதற்குக் கவுன்சில் எதிரில்லை. ஆனால் ஆதரவு சொன்ன அமைப்பு அந்த ஆதரவைத் திரும்பப் பெற வேண்டும். அடுத்த கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கு நேரம் இருக்கிறது. அமைப்பின் தலைவர் வந்து மைக்கில் சொன்னால் போதும். இல்லையென்றால் கம்பத்தை சீமெந்து போட்டு இறுக்கிவிடுவார்கள்.

8

அன்று பின்னேரமே உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் பிளாக்டவுனில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றீர்கள். முருங்கைக்காயின் விலையைக் கேட்டுவிட்டுத்தான் என்னைக் கேட்டீர்கள். நாம் கதைத்ததை அப்படியே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

"அண்ணை, ஒரே ஒரு வசனம். பொன்னாடை மரியாதைக்குப் போர்த்தினது, மைதானத்துக்குச் சம்மதம் இல்லை. அதை எழும்பிச் சொல்லுங்கோ."

"தங்கச்சி, போர்த்தின பொன்னாடையை ஆராவது திருப்பிக் கேப்பினமே?"

"பொன்னாடையை அவரே வைச்சிருக்கட்டும். மைதானத்தைத்தான் கேக்கிறன்."

"உனக்கு விளங்கேல்லை. வாற வருசம் சங்கத்தின்ர வெள்ளிவிழா. அந்த ஸ்டேடியத்தில நடத்தத் தாறம் எண்டிருக்கினம். எங்கட ஆக்கள் எவ்வளவு பேர் வந்து இருக்கலாம் எண்டு யோசிச்சுப் பார். தமிழனுக்கு ஒரு பெருமையெல்லே."

"ஒருநாள் பெருமை, அண்ணை. மிச்ச நாளெல்லாம் பிள்ளையள் எங்க போறது?"

"உதெல்லாம் சரிவரும். கொதிக்காதை."

"அபிரா பயிற்சிக்குப் போறேல்லை. அணிப்பிள்ளையள் அவளைக் காட்டிக் குடுத்தவள் மாதிரிப் பாக்குதுகள்."

"சின்னப் பிள்ளைதானே. மறந்திடுவா" என்றீர்கள். பிறகு கடைக்காரரிடம், "பிஞ்சாப் பாத்துப் போடும்" என்றீர்கள்.

அவள் மறக்கவில்லை, அண்ணை. அந்த வழியால் போகாமல் ஒரு தெரு சுற்றிப் பள்ளிக்கூடம் போகிறாள். முட்டைப்பந்துப் பிள்ளைகள் கண்ட இடத்தில் அவளுக்கு நன்றி சொல்கிறார்களாம். போன கிழமை அவளாகவே என் அறைக்கு வந்தாள். தமிழில்தான் சொன்னாள்.

"அவையள் தாங்க்ஸ் சொல்லேக்க, ஏசினதை விட நோகுது அம்மா."

அதன் பிறகு எனக்குப் பொறுமை இல்லை.

நான் இப்போது கயிற்றின் மற்ற முனையை வேலித் தூணில் கட்டிவிட்டுக் கோடு போடுகிறேன். பிள்ளைகள் அங்கே ஆடும் மட்டும் போடுவேன். தூண் ஒன்றும் கதைக்காது.

சிவபாதம் அண்ணை, கவுன்சில் கூட்டத்துக்கு வாருங்கள். மைக்கைப் பிடியுங்கள். உங்களுக்கு மைக் பிடிப்பது புதிதில்லை. சங்கம் சம்மதிக்கவில்லை, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, தட்டத்தை நாங்கள்தான் அவள் கையில் கொடுத்தோம் என்று சொல்லுங்கள். ஆங்கிலம்தான் தயக்கமென்றால் நான் எழுதித் தருகிறேன், ஜூடி திருத்தித் தருவா.

அதையே இந்தப் பத்திரிகையிலும் எழுதுங்கள். பொன்னாடைக்குக் கிடைத்த அதே அரைப்பக்கத்தில், உங்கள் பெயரோடு. வரமுடியாது, சொல்லமுடியாது என்றால் அதற்கான காரணத்தையும் அங்கேயே எழுதுங்கள். ஸ்டேடியத்தில் ஒருநாள் விழாவுக்காக என் மகளின் படத்தை அந்த வேலியில் தொங்கவிட்டது சரி என்று நினைத்தால், அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

என் போனுக்கு எடுக்க வேண்டாம். ஆறுதலாக இருந்து கதைக்கவும் வேண்டாம். எல்லோரும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.